குழந்தையின் உதட்டில் ஒரு கோவைப்பழம்

திருத்தணி மலையைப் பற்றி ஒரு வரலாறு சங்கீத ரஸிகர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. காசியிலிருந்து திரும்பிய முத்துஸ்வாமி தீக்ஷிதர் இம்மலையில் தியானத்தில் அமர்ந்திருந்தாராம். அப்போது வயோதிகர் ஒருவர் எதிரே தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் ஒரு கற்கண்டுத் துண்டை வைத்துவிட்டு மறைந்தாராம். தீக்ஷிதருடைய முதல் கிருதி அந்தத் தித்திப்பிலிருந்து பிறந்தது என்பார்கள். இங்கே 365 படிகள் ஏறி வருகிற தாய்மார்கள் குழந்தையின் நாவில் கற்கண்டு வைக்கும்போது, இக்கதையை நினைக்கிறார்களோ இல்லையோ, ஆசை ஒன்றுதான்: இந்த வாய் நன்றாகப் பேச வேண்டும், நன்றாகப் பாட வேண்டும்.

அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு நானும் சிறிது தூரம் நடக்க நேர்ந்தது. மூத்த பையனுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு முன்னே ஓடினான். தாயின் தோளில் ஒரு கைக்குழந்தை. முந்தானையால் அதன் முகத்தை வெயிலுக்காக மூடியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மண்டபத்து நிழலில் உட்கார்ந்த பிறகும் அந்த முந்தானை விலகவில்லை.

"குழந்தைக்கு எத்தனை மாதம் அம்மா?" என்று கேட்டேன்.

தாய் பதில் சொல்லவில்லை. மாமியார் சொன்னாள்: "மூணு மாசம் முடிஞ்சுதுங்க ஐயா. பெண் குழந்தை. கிரகணத்தப்போ வெளியே போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? உதட்டைப் பாருங்க!"

பார்த்தேன். கீழ் உதட்டின் வலது பாதி முழுவதும் சிவந்து, தடித்து, பழம்போல் புடைத்திருந்தது. அதன் நடுவில் ஒரு சிறு புண். பால் குடிக்கும்போதெல்லாம் அழுகிறதாம். பிறந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் மூக்குப்பொடி அளவு ஒரு சிவப்பு. பிறகு கண்ணெதிரே வளர்ந்தது. யாரோ ஒரு வைத்தியர், "ஐந்து வயதில் தானாகப் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பெண்ணின் அதரத்தைக் கோவைக்கனி என்று வர்ணித்துச் சலிக்காதவர்கள் நம் கவிகள். உண்மையாகவே ஒரு கோவைக்கனி உதட்டில் பழுத்துவிட்டால் ஒரு தாய் என்ன பாடு படுகிறாள் என்பதை அந்த மண்டபத்தில் கண்டேன். நான் டாக்டர் அல்லன். ஆனால் இவ்விஷயத்தைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. அதில் முக்கியமானது, இந்தச் சிவப்புக்கு ஒரு கெடு உண்டு என்பது. அந்தக் கெடு வருஷக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் ஓடுகிறது.

முதலில் கிரகணத்தின் மீதுள்ள வழக்கைத் தீர்த்துவிடுவோம். கிரகணம் வருஷத்தில் சில நாட்களே வருகிறது. இந்தச் சிவப்புக் கட்டியோ வருஷம் முழுவதும் பிறக்கிற குழந்தைகளில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு உண்டாகிறது. கிரகணத்தைப் பற்றி ஒரு சாஸ்திரமும் கேட்டறியாத தேசங்களிலும் இதே கணக்குத்தான். ஆண் குழந்தைகளைக் காட்டிலும் பெண் குழந்தைகளுக்கும், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கும் அதிகம். 2000-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான உண்மையைக் கண்டார்கள். இந்தக் கட்டியின் இரத்தக் குழாய்களில் உள்ள ஒரு புரதம், சாதாரணச் சருமத்தின் குழாய்களில் இல்லை. கர்ப்பத்தில் குழந்தையைப் போஷிக்கும் நஞ்சுக்கொடியின் குழாய்களில் இருக்கிறது. இது எப்படி நேருகிறது என்பதில் இன்னும் அபிப்பிராய பேதங்கள் உண்டு. ஆனால் தாய் வெளியே போனாள், வெற்றிலை கிள்ளினாள், அரிவாள்மணையைத் தொட்டாள் என்பவற்றுக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை. இதை மாமியாரிடம் சொன்னபோது அவள் நம்பினாளா என்று தெரியாது. அந்தப் பெண் மட்டும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஸ்ட்ராபெர்ரி மறு என்று பெயரிட்டார்கள். அந்தப் பழத்தை நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். நமக்குக் கோவைப்பழமே போதும். வைத்தியர்கள் ஹெமாஞ்சியோமா என்கிறார்கள். இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிப் பெருகி உண்டாகும் கட்டி இது, புற்றுநோய் அல்ல. இதன் வாழ்க்கைச் சரித்திரம் விசித்திரமானது. பிறந்த சில நாட்களில் ஒரு வெளிறிய திட்டாகவோ சிவப்புக் கீற்றாகவோ தலை காட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரையில் மிக வேகமாக வளரும். மூன்று மாதம் முடிவதற்குள், தான் அடையப்போகிற பருமனில் பெரும் பங்கை அடைந்துவிடும். ஒரு வயதுக்குப் பிறகு மெள்ள மெள்ள நிறம் மங்கி, சாம்பல் பூத்து, சில ஆண்டுகளில் சுருங்கிவிடும்.

அப்படியானால் அந்த வைத்தியர் சொன்னது சரிதானே என்று நேயர்கள் கேட்கலாம். பாதி சரி. அந்தப் பாதிக்கு ஒரு கௌரவமான வரலாறும் உண்டு. 1938-ம் வருஷத்தில் லிஸ்டர் என்ற ஆங்கில டாக்டர் இத்தகைய மறுக்கள் பலவற்றை ஒன்றும் செய்யாமல் பொறுமையாகக் கவனித்து வந்து, அவை தாமாகவே சுருங்குகின்றன என்று எழுதினார். அது பெரிய உபகாரம். ஏனென்றால் அந்தக் காலத்தில் டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. சுட்டார்கள், உறைபனி வைத்தார்கள், ரேடியத்தை வைத்துக் கட்டினார்கள். ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் மாத்திரம் 1920 முதல் 1959 வரையில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களுக்கு இந்த மறுக்களுக்காக ரேடியம் முதலியவற்றின் கதிர்கள் கொடுக்கப்பட்டன. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தைராய்டிலும் மார்பிலும் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தோன்றியிருந்தது. தானாகப் போகக்கூடிய மறுவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. நம் கிராமங்களில் இன்றும் சிலர் சிசுவுக்குச் சூடு போடுகிறார்களே, அதை நினைக்கும்போது ஸ்டாக்ஹோமைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஆகவே, "பொறுத்திரு" என்பது முதுகிலும் தொடையிலும் உள்ள சிறு மறுவுக்கு இன்றைக்கும் நல்ல யோசனை. முகத்திலும் வாயிலும் அப்படியல்ல. உதட்டில் வந்தால் புண்ணாகும். பால் குடிக்க முடியாது. கட்டி சுருங்கிய பிறகும் தொங்கும் சதையும் கோணலும் மிஞ்சும். மூக்கு நுனியில் வந்தால் உள்ளேயுள்ள குருத்தெலும்பு விகாரப்படும். மேல் இமையில் வந்து கண்ணை மறைத்தாலோ அழுத்தினாலோ அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். பிறகு கட்டி மறைந்தாலும் பார்வை வராது. ஆண்களுக்குத் தாடி வளரும் இடமாகிய தாடை, மோவாய், கழுத்தின் முன்பக்கம் ஆகியவற்றில் பரந்த சிவப்பு இருந்தால், அதேபோன்ற கட்டி மூச்சுக் குழலுக்குள்ளும் இருக்கக்கூடும். அத்தகைய குழந்தை சில வாரங்களில் கரகரத்த குரலில் அழும். மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்கும். சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. முகத்தின் ஒரு பெரும் பகுதியை மூடிய சிவப்பாயிருந்தால், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களையும் இருதயத்தையும் கண்ணையும் பரிசோதிக்காமல் மருந்தே தொடங்கலாகாது என்கிறார்கள்.

இனி மருந்தின் கதைக்கு வருகிறேன். நான் படித்த வைத்திய வரலாறுகளில் இதைப்போல் ரஸமானது அதிகம் இல்லை.

ஸ்காத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி 1960-களில் ப்ராப்ரனாலால் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். இருதயத்தின் படபடப்பைத் தணிக்கும் மருந்து; வயதானவர்களின் நெஞ்சு வலிக்கும் இரத்தக் கொதிப்புக்குமாக உலகமெங்கும் பரவியது. 1988-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அது சிசுவின் முகத்துக்கு ஒரு நாள் உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பிரெஞ்சு தேசத்தில் போர்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் கிறிஸ்தீன் லெயோத்தே லாப்ரெஸ் என்ற சரும வைத்திய நிபுணரிடம் ஒரு குழந்தை சிகிச்சை பெற்று வந்தது. மூக்கில் பெரிய கட்டி. அக்கால வழக்கப்படி ஸ்டிராய்டு மருந்து கொடுத்தார்கள், கட்டி அடங்கவில்லை, இருதயத் தசை தடித்து வேறொரு உபத்திரவம் வந்து சேர்ந்தது. இருதயத்துக்காக ப்ராப்ரனாலால் கொடுத்தார்கள். மறு நாள் பார்த்தால் கட்டியின் கொழுந்துவிட்ட சிவப்பு கருஞ்சிவப்பாக மாறி, கல்போல் இருந்தது மிருதுவாகியிருந்தது! கண்ணால் கண்டதை அலட்சியம் செய்யாமல் அந்த அம்மையார் வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். பதினோரு குழந்தைகளின் விவரத்தை 2008-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் சுருக்கமாக எழுதினார்கள். உலகெங்கும் குழந்தை வைத்தியர்களின் போக்கை அந்தச் சிறு கடிதம் மாற்றிவிட்டது. 2015-ல் 460 சிசுக்களைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. தக்க அளவில் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் கட்டி முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் மறைந்தது. வெறும் இனிப்பு நீர் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் அப்படி. எந்த ஊர் மருந்துக் கடையிலும் உள்ள பழைய, மலிவான மருந்து இது.

மலிவானது என்று எழுதியவுடனே பயமும் வருகிறது. கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் பொடித்துக் கொடுக்கலாமே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குழந்தையை நிறுத்துப் பார்த்து, எடைக்குத் தக்கபடி மில்லிகிராம் கணக்கில் அளவிட்டு, குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துகிற மருந்து இது. தொடங்கும் முன் டாக்டர் இருதயத்தைக் கேட்டு, நாடியை எண்ணி, இழுப்பு உண்டா என்று விசாரிப்பார். பால் குடித்தவுடன் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. ஏனென்றால் பட்டினியிருக்கும் சிசுவுக்கு இம்மருந்து இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைத்துவிடும். குழந்தை வாந்தி எடுக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, மார்பில் இழுப்புச் சத்தம் கேட்கிறது என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். வேர்த்துக் கொட்டித் துவண்டு விழுந்தால் உடனே பாலோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உறக்கம் கலைவதும் கை கால் சில்லிடுவதும் சாதாரணமாக நேருவன, பயமில்லை. மருந்து பெரும்பாலும் ஒரு வயது வரையிலோ அதற்குச் சற்று மேலோ தொடரும். சிவப்பு மங்கியதும் மகிழ்ச்சியில் தாமே நிறுத்திவிட்டால் கட்டி மறுபடி தலையெடுக்கும். சருமத்தின் மேலாகப் படிந்த சிறு மறுவுக்கு, கண்ணுக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தையே மேலே தடவச் சொல்லுவதும் உண்டு. வாய்க்குள்ளும் புண்ணின் மேலும் அது உதவாது.

மாமியார் கேட்டது வேறு. "சாமி சந்தனம் வைக்கலாமா ஐயா?" தணிகைச் சந்தனத்துக்கு இப்பக்கத்தில் உள்ள மகிமை தெரிந்ததே, இந்திரன் கொடுத்த கல்லில் அரைப்பது என்று சொல்லி, மருந்தாகவே கரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. நெற்றியில் வையுங்கள் அம்மா, உதட்டுப் புண்ணில் வேண்டாம் என்றேன். புண்ணைச் சுத்தமான நீரால் துடைத்து, டாக்டர் சொல்லும் களிம்பைத் தடவ வேண்டும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடு நடுவே எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் கேட்பதில்லை.

முகத்திலுள்ள எல்லாச் சிவப்பும் இந்தக் கோவைப்பழம் அல்ல. 1982-ல் அமெரிக்காவில் மல்லிகன், க்ளோவாக்கி என்ற இருவர் ஒரு குழப்பத்தைத் தெளிவித்தார்கள். பெருகி வளர்ந்து பிறகு வாடும் கட்டிகள் ஒரு ஜாதி; கருவிலேயே கோணலாக அமைந்துவிட்ட குழாய்கள் வேறொரு ஜாதி. பின்னது பிறக்கும்போதே இருக்கும்; குழந்தையோடு சேர்ந்து வளரும்; தானாக ஒரு நாளும் போகாது; ப்ராப்ரனாலாலுக்கு அசையாது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே சிகிச்சை செய்துவந்ததனால் எத்தனையோ பேர் வீணாகக் காத்திருந்தார்கள். எத்தனையோ பேர் வீணாக அறுக்கப்பட்டார்கள்.

பிறந்த குழந்தையின் இமையிலும் நெற்றி நடுவிலும் பிடரியிலும் காணும் மங்கலான இளஞ்சிவப்பு மிகச் சாதாரணம். முகத்தில் இருப்பது ஓரிரு வருஷத்தில் மறையும். அதைப் பற்றி அவ்வளவு போதும். நாவற்பழச் சாற்றைக் கொட்டியதுபோல் ஒரு பக்கத்துக் கன்னத்திலும் நெற்றியிலும் தெளிவாகப் படர்ந்திருப்பது வேறு. சோவியத் தலைவர் கோர்பச்சேவின் தலையில் இருந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கர்ப்பத்தில் ஏதோ ஒரு செல்லில் ஒரே ஒரு ஜீனில் நேர்ந்த பிசகு இதற்குக் காரணம் என்று 2013-ல் கண்டார்கள். தாய் தந்தையரிடமிருந்து வருவதும் அல்ல. நெற்றியிலும் மேல் இமையிலும் இது இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதும், வலிப்பு வருவதும் உண்டு. ஆகவே அழகை அப்புறம் பார்த்துக்கொண்டு முதலில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். 1983-ல் பாஸ்டன் நகரத்து ஆண்டர்ஸன், பாரிஷ் என்ற இருவர் வகுத்த தத்துவப்படி, இரத்தத்தின் சிவப்பு மட்டும் உறிஞ்சக்கூடிய லேஸர் ஒளியைக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் செலுத்தி அந்தக் குழாய்களை வாட்டுகிறார்கள். பல தடவை செய்ய வேண்டும். நம்முடைய மாநிறச் சருமம் அந்த ஒளியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்வதால், பலன் சற்றுக் குறைவு, தழும்பு நிறம் மாறும் அபாயம் சற்று அதிகம். கருத்த சருமத்தில் கைப்பழக்கம் உள்ள டாக்டரைத் தேடிப் போவது நல்லது.

உதட்டிலோ நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ நீலம் பாரித்து, அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி, அழும்போதும் குனியும்போதும் உப்புகிற வீக்கம் சிரைக் குழாய்களின் கோணல். அதற்குள் மிளகு போன்ற கற்கள்கூடத் தட்டுப்படலாம். ஊசியால் மருந்து செலுத்தி அக்குழாய்களைச் சுருங்கச் செய்வார்கள். சிலருக்குப் பிறகு ரண சிகிச்சையும் வேண்டியிருக்கும். நாக்கின் மேல் தவளை முட்டைபோல் தெளிந்த கொப்புளங்கள் நிறைந்து, சளி பிடிக்கும்போதெல்லாம் நாக்கு வீங்கினால் அது நிணநீர்க் குழாய்களின் கோளாறு. இதற்கும் ஊசி மருந்துகள் உண்டு. கடுமையானவற்றுக்கு ஸிரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். இதன் பின்னணியில் ஓர் இந்தியர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பசிபிக் மகா சமுத்திரத்து ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தவர், பஞ்சாபில் பிறந்து காசி இந்து சர்வகலாசாலையில் படித்த சுரேந்திரநாத் ஸேகல். கானடாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிசாலை 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அவர் கொஞ்சம் மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போய், சாப்பாட்டுப் பொருள்களோடு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அவர் வீட்டார் ஒரு நாள் சுத்தம் செய்கிறேன் என்று அதைத் தூக்கி எறிந்திருந்தால்!

கடைசியாக ஒன்று உண்டு. அபூர்வமானது, ஆனால் உயிர் வாங்கக் கூடியது. தமனியும் சிரையும் நேரே கூடிவிட்ட கோணல். தொட்டால் சூடாயிருக்கும், விரல் வைத்தால் நாடிபோல் துடிக்கும். தாடை எலும்புக்குள் இருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல், ஈறில் அடிக்கடி இரத்தம் கசிவதும் ஒரு பல் ஆடுவதும் மட்டுமே அடையாளமாயிருக்கும். ஆடுகிற பல்தானே என்று பிடுங்கினால் இரத்தம் பீறிட்டு நிற்காமல் போய் உயிரே போனதுண்டு. ஆகவே, குழந்தையின் முகத்தில் எப்போதாவது இரத்தக் குழாய் மறு இருந்திருந்தால், பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, தாடையிலுள்ள கோணலை உள்ளேயே அடைத்துவிடும் வித்தை இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் நடைபெறுகிறது.

திருத்தணிக் குடும்பம் எங்கே போவது? இவ்வூர் எல்லையில் இருப்பது ஒரு காலத்தில் வழக்காயிருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோரின் போராட்டத்துக்குப் பிறகு, ஆந்திராவிலிருந்த இந்தத் தாலுகா 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் நோயாளிகளுக்கு எல்லைக் கோடு இல்லை. ஒரு பக்கம் திருப்பதி. மறு பக்கம் சுமார் 80 கிலோமீட்டரில் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அரக்கோணத்தில் வண்டி மாறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய பெரிய கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி. எங்கே போனாலும், முதலில் உள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

நாளைக் கண்டுபிடிக்கவும் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. ஆறாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் பதினாலாவது வாரத்திலும் எல்லாக் குழந்தைகளையும் தடுப்பூசிக்கு எடுத்துப் போகிறோம். அந்தக் கட்டி வளரும் வாரங்களும் அவையே. ஊசி போடும் செவிலியரிடம் முந்தானையை விலக்கிக் காட்டினால் போதும். அதற்கு முன்பே, ஒரு மாதம் ஆவதற்குள், முகத்துச் சிவப்பை நிபுணரிடம் காட்டிவிடுவது உத்தமம். இப்போது வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறதே. வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தால், டாக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

மண்டபத்திலிருந்து எழுந்தபோது மாமியார், "மூணு மாசம் ஆயிடுச்சே, இன்னும் நேரம் இருக்குதா ஐயா?" என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் அடுத்த கிருத்திகை வரையில் தள்ளிப் போடாதீர்கள் என்றேன். பையனைக் கூப்பிட்டார்கள். தரிசனம் முடிந்து கீழே இறங்கும்போது மீண்டும் பார்த்தேன். அந்தப் பெண் தன் கணவனிடம் அரக்கோணத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது.